வளைவுக்கு அந்தப் பக்கம்

மூன்று மாதமாக வீம்பு பிடித்துக்கொண்டிருந்த மனிதர், கடைசி நாள் உச்சிப்பொழுதில் பார்த்து மனம் மாறினால் அதற்குக் கார் என்ன செய்யும், பாவம் அந்தக் காரின் டயர்தான் என்ன செய்யும்? இதையெல்லாம் சிவசாமியிடம் சொல்ல முடியாது. சொன்னால் சொன்னவனை முறைப்பார். அன்றைக்கு அவருக்கு ஒரே நினைப்புத்தான். மகள் ரயிலேறுவதற்குள் அவள் முகத்தைப் பார்த்துவிட வேண்டும்.

மகள் பெயர் மீனம்மா. ஒரே மகள். இறம்பொடைப் பக்கத்துத் தோட்ட ரோட்டில் மேலே இருக்கிற தோட்டம் சிவசாமியுடையது. அதாவது, அவர் தேயிலைக் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்கிற தோட்டம். அதே ரோட்டில் கீழே இருக்கிற தோட்டத்தில் செல்லசாமி என்ற நல்ல பையனுக்கு மீனம்மாவைக் கட்டிக் கொடுத்திருந்தார். இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு, இந்தியாவா இலங்கையா என்று தோட்டத்து ஆட்கள் எல்லோரும் எழுதிப் போட்ட காலத்தில் சிவசாமி இங்கேயே இருப்பதாக எழுதிப் போட்டார். செல்லசாமி வீட்டில் இந்தியாவுக்கு எழுதிப் போட்டார்கள். கல்யாணம் பேசும்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எழுதிப் போட்டவர்களில் பாதிப் பேர் வருசக்கணக்காக அதே லயத்து வரிசை வீட்டில்தானே இருந்தார்கள்? ஆனால் பஞ்சம் வந்து, கூப்பன் மாவுக்கும் வழியில்லாமல் தோட்டம் தோட்டமாக ஆட்கள் சுருண்டு விழுந்த பிறகு, சம்பந்தி வீட்டார் போய்விடுவதென்று முடிவு செய்துவிட்டார்கள். பாஸ்போட்டும் வந்துவிட்டது.

அந்தச் செய்தியைச் சொன்ன அன்றைக்கு சிவசாமி சம்பந்தி வீட்டு வாசலில் நின்று பேசிய பேச்சு இருக்கிறதே, அதைக் கேட்டு அந்த லயமே வெளியில் வந்து நின்றது. மீனம்மா இடுப்பில் குழந்தையோடு நின்றாள். தாத்தா ஏதோ வேடிக்கை காட்டுகிறார் என்று நினைத்து அது சிரித்தது.

“அக்கரைக்குப் போறவளுக்கு இக்கரையில அப்பன் கெடையாது. இனி ஒன் மொகத்துல முழிக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டு வந்தவர்தான். தானும் போகவில்லை, மனைவி வீரம்மாவையும் போக விடவில்லை. பயண நாள் குறித்தாகிவிட்டது என்று ஆள் வந்து சொல்லிப் போனது. மேல் தோட்டத்தில் இருந்து எல்லோரும் போய்ச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். பெற்றவர் மட்டும் மூக்குக்கு மேல் கோபத்தை வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தார். உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தார் என்பது வேறு கதை. அது வெளியில் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகவே இன்னும் உரக்கக் கத்தினார்.

பயண நாளன்று பகல் சோற்றுக்கு உட்கார்ந்தபோதுதான் அது நடந்தது. வீரம்மா சோற்றைப் போட்டு வைத்துவிட்டுத் தான் சாப்பிடாமல் அடுப்படியில் போய் உட்கார்ந்தாள். மடியில் எதையோ வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தால், ஒரு கம்பளித் தொப்பி. பேரனுக்காக அவருக்குத் தெரியாமல் பின்னியது. இந்தியாவில் அவர்கள் போய் இறங்கப் போகிற ஊரில் வெயில் மண்டையைப் பிளக்கும், கம்பளித் தொப்பியை வைத்து அந்தப் பிள்ளை என்ன செய்யும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அவள் அறிந்த பிள்ளைகளுக்கெல்லாம் குளிர்தான் அடித்தது.

சிவசாமி அதற்கு மேல் சாப்பிடவில்லை. பாதித் தட்டில் கையைக் கழுவினார்.

“கெளம்பு” என்றார்.

“எங்க?”

“எங்கயாம். நானுஓயா ஸ்டேசனுக்கு. சீலய மாத்து.”

லயத்துக்கு மேலே ரோட்டில் லியனார்டின் கார் நின்றுகொண்டிருந்தது. லியனார்ட் நுவரெலியா டவுனில் வாடகைக்கு ஓட்டுகிறவன். அவனும் ஒரு லயத்தில் பிறந்தவன்தான். மருந்து கொடுக்கிற தோட்டத்து டிஸ்பென்சரைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுத் திரும்பப் போக இருந்தான். கண்ணாடிக்குக் கீழே செபமாலை தொங்கும் பழைய கறுப்புக் கார். சிவசாமி கையைப் போட்டு மறித்து, கதவைத் திறந்து, வீரம்மாவை உள்ளே தள்ளி, தானும் ஏறிக்கொண்ட பிறகுதான் எங்கே போக வேண்டும் என்று சொன்னார்.

“லொறி போயிருச்சாண்ணே?” என்று கேட்டான் லியனார்ட். கீழ்த் தோட்டத்து ஆட்களை ஏற்றிப் போக லொறி வருவது ரோடு முழுக்கத் தெரிந்த சங்கதி.

“இன்னும் இல்ல. சோத்துக்குப் பெறகுதான் கெளம்புவாங்க. இந்த ரோட்டுலதான் ஏறி வரணும். நாம முந்திப் போயிரலாம்.”

பின்னேர ரயிலில் ஏறினால் பொல்காவலையில் மாறித் தலைமன்னார். அங்கே கப்பல். கப்பல் ஏறிவிட்டால் அப்புறம் கடிதாசிதான். சிவசாமிக்கு எழுதவும் தெரியாது, மீனம்மாவுக்கு வாசிக்கவும் தெரியாது. ஆகவே பேச வேண்டியதை இன்றைக்கே பேசியாக வேண்டும். என்ன பேசுவது? ‘அப்பன் கோவத்துல சொன்னது, மனசுல வச்சுக்காத புள்ள.’ அவ்வளவுதான். இதைச் சொல்ல மூன்று மாதம் ஆகியிருக்கிறது இந்த மனிதருக்கு.

கார் ஏற்றத்தில் முக்கிக்கொண்டு சில வளைவுகளைத் தாண்டியது. நாலு நாளாக மழை. அன்றைக்குத்தான் கொஞ்சம் வெளித்திருந்தது. ஒரு வளைவில் ஏறித் திரும்பியதும் பின்பக்கம் ‘டப்’ என்று ஒரு சத்தம். கார் இடுப்பு ஒடிந்ததுபோல ஒரு பக்கம் சாய்ந்து ஆடியது. லியனார்ட் பிரேக்கை மிதிக்கவில்லை. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, கார் தானாகத் தளர்ந்ததும் மெல்ல உருட்டிக்கொண்டுபோய், வளைவைத் தாண்டி ஓரளவு மட்டமான இடத்தில் மலையோரமாக நிறுத்தினான்.

“ஏன் தம்பி நிப்பாட்டுற? போ.”

“டயர் போச்சுண்ணே.”

“மெதுவா ஓட்டிக்கிட்டே போவமே.”

“ரிம்முல ஓட்டினா ரிம்மும் போயிரும். அப்புறம் நடந்துதான் போகணும். எறங்குங்க. அக்கா, நீங்களும் எறங்குங்க. பள்ளத்துப் பக்கம் நிக்காதீங்க, இந்த மேட்டுல ஒக்காருங்க.”

புது டயர் என்பதைக் கண்ணால் பார்க்க முடியாத காலம் அது. அரசாங்கம் இறக்குமதியை நிறுத்தியிருந்தது. தேய்ந்த டயருக்கு மேலே ரப்பரை ஒட்டி, அது தேய்ந்ததும் மறுபடி ஒட்டி, ஒரே டயருக்கு மூன்று பிறவி கொடுத்து ஓட்டினார்கள். அந்த டயர் தன் கடைசிப் பிறவியை முடித்துக்கொள்ள இந்த நாளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டது.

லியனார்டுக்கு அவசரம் என்றால் என்னவென்றே தெரியாதோ என்று சிவசாமிக்குத் தோன்றியது. கை பிரேக்கை இழுத்தான். கியரில் போட்டான். ரோட்டோரம் இருந்து பெரிய கல்லாகப் பார்த்துப் புரட்டி வந்து சக்கரங்களுக்குப் பின்னால் முட்டுக் கொடுத்தான். காலால் உதைத்துப் பார்த்தான். திருப்தி இல்லாமல் வேறொரு கல்லைத் தேடிப் போனான். சிவசாமி காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவர் மாதிரி இங்குமங்கும் நடந்தார்.

“கல்லுக்குக் கல்யாணம் பண்ணப் போறியா தம்பி? கழட்டு வீல.”

“ஏத்தத்துல நிக்கிற வண்டிண்ணே. ஜாக்கியில தூக்கினப்புறம் உருண்டுச்சுன்னா நான் அடியில கெடப்பேன். என் வீட்டுலயும் புள்ளகுட்டி இருக்கு.”

சிவசாமி திரும்பிக் கீழ் ரோட்டைப் பார்த்தார்.

“அண்ணே, நீங்க ஒண்ணு செய்ங்க” என்றான் லியனார்ட். “கீழ வளைவுக்கு அந்தப் பக்கம் போய் நாலு கெளை ஒடச்சுப் போடுங்க. நல்லாத் தள்ளிப் போடுங்க. லொறி வளைவுல திரும்பினா நம்ம மேலதான் வந்து நிக்கும், அவனுக்குப் பிரேக் புடிக்க எடம் வேணும். நான் மேல் பக்கம் போட்டுட்டு வாறன். ஓரத்துல போட்டாப் போதும்.”

சிவசாமி விறுவிறுவென்று இறங்கிப் போனார். போகும்போதுதான் மனதில் வெளிச்சம் அடித்தது. அட, லொறி இந்த வழியாகத்தானே வர வேண்டும்? அப்படியானால் ஸ்டேசன் எதற்கு? மகள் இங்கேயே வரப் போகிறாள். கூட்டமும் கூச்சலும் இல்லாமல், இந்த ரோட்டோரத்திலேயே பார்த்துப் பேசிவிடலாம். டயர் போனதுகூட நல்லதற்குத்தான் என்று நினைத்தார்.

ஆனால் லொறி நிற்க வேண்டுமே. லொறிக்காரர்களை அவருக்குத் தெரியும். ஓரத்தில் கிடக்கிற நாலு கிளைக்கு அவர்கள் நிற்கவா போகிறார்கள்? ஆட்களையும் பெட்டி படுக்கையையும் ஏற்றிக்கொண்டு, ஏற்றத்தில் எடுத்த வேகத்தை விட மனமில்லாமல், ஹாரனை அடித்துக்கொண்டு காரைத் தாண்டிப் போய்விட்டால்? மீனம்மா பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தால் அப்பா நின்றதுகூட அவளுக்குத் தெரியாது.

வளைவைத் தாண்டி, அதற்கும் கீழே இன்னொரு வளைவையும் தாண்டிப் போனார். அங்கே ரோட்டுக்கு மேலே கவ்வாத்து வெட்டிய மலை. வெட்டிப்போட்ட தேயிலைக் கிளையான மிலாறு குவியல் குவியலாகக் கிடந்தது. கட்டுக் கட்டாக அள்ளினார். இந்த ஓரத்தில் இருந்து அந்த ஓரம் வரைக்கும் ரோட்டை அடைத்து முழங்கால் உயரத்துக்குப் போட்டார். இரண்டு காட்டுச் சூரியகாந்திச் செடிகளையும் பிடுங்கி மேலே செருகினார். எந்தக் கொம்பன் வந்தாலும் இதில் நின்றுதான் ஆக வேண்டும். கையைத் தட்டிக்கொண்டு ஏறி வந்தார்.

“போட்டாச்சாண்ணே?” என்று கேட்டான் லியனார்ட். அவன் வீல் கப்பைக் கழற்றி நட்டுகளை நெகிழ்த்திக்கொண்டிருந்தான்.

“நல்லாவே போட்டுட்டேன்.”

மேட்டில் உட்கார்ந்திருந்த வீரம்மாவிடம் போனார். “லொறி இங்கதான் நிக்கும். புள்ளய இங்கயே பாத்திடலாம்” என்றார். மூன்று மாதமாகச் செத்துக் கிடந்த அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. வீரம்மா கொண்டையை அவிழ்த்து முடிந்தாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காத்திருப்பது மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள். இவளையும் அல்லவா சேர்த்துக் கட்டிப்போட்டு வைத்திருந்தோம் என்று சிவசாமிக்கு அப்போதுதான் உறைத்தது.

நட்டுகளில் ஒன்று மட்டும் அசைய மறுத்தது. துருப்பிடித்துப் போயிருந்தது. லியனார்ட் நட்டுச் சாவியை மாட்டி, அதன் மேல் ஏறி நின்று குதித்துப் பார்த்தான். வழுக்கியது. எண்ணெய் விட்டான், தட்டினான், மறுபடி குதித்தான்.

“தூக்கிட்டுக் கழட்டேன் தம்பி. நான் வேணா மலையில இருந்து ஆளக் கூட்டியாறேன். பத்துப் பேர் சேந்தா கையாலயே தூக்கிருவோம்.”

“வீலு தரையில இருக்கும்போதே நெகிழ்த்தணும்ணே. தூக்கிட்டுக் குதிச்சா வண்டி ஜாக்கியில இருந்து சரிஞ்சிரும். கையால தூக்கி ஒருத்தன் கை விட்டா அடுத்தவன் கால் போயிரும்.” கோபமில்லாமல்தான் சொன்னான். சொல்லிவிட்டு மறுபடியும் சாவியில் ஏறினான்.

அப்போதுதான் கீழே இருந்து இரைச்சல் கேட்டது. கனத்த வண்டி, முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறி வந்தது. சந்தேகமே இல்லை, லொறிதான். வளைவுகளுக்குக் கீழே வந்து நின்றது. நீளமாக ஒரு ஹாரன் அடித்தது.

“நின்னுட்டான்” என்றார் சிவசாமி. “பாத்தியா, நின்னுட்டான்.”

வீரம்மா எழுந்து ரோட்டில் இறங்கினாள். “வாங்க, போவோம்.”

அங்கேதான் அந்த மனிதருக்குள் மிச்சமிருந்த வீம்பு தலையைத் தூக்கியது. லொறி நிறையச் சம்பந்தி வீட்டு ஆட்கள். வாசலில் நின்று அத்தனை பேச்சுப் பேசிவிட்டு, இப்போது அவர்கள் முன்னால் மூச்சு வாங்க ஓடிப்போய் நிற்பதா? ரோடு அடைத்துக் கிடக்கிறது. லொறியில் இருப்பவர்கள் இறங்கி, என்ன ஏது என்று பார்க்க மேலே வரத்தானே வேண்டும்?

“இரு, இரு. அவங்களே வருவாங்க. அவ எறங்கி வரட்டும்.”

வீரம்மா நின்றாள். இருவரும் வளைவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ரோட்டோர ஓடை மழைத் தண்ணீரில் இரைந்துகொண்டிருந்தது. யாரும் வரவில்லை. ஹாரன் இன்னொரு தரம் அடித்தது. பிறகு இரைச்சல் மாறியது. முன்னுக்கும் பின்னுக்கும் உறுமியது. லியனார்ட் சாவியை விட்டுவிட்டு நிமிர்ந்தான். வண்டியின் சத்தம் என்ன சொல்கிறது என்று அவனுக்கு முதலில் புரிந்துவிட்டது.

“அண்ணே, கெளைய எப்படிப் போட்டீங்க?”

“ரோடு முழுக்கப் போட்டேன். நிக்கணும்ல.”

அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. அந்த மலையில் பிறந்த பிள்ளைக்கும் தெரியும். வண்டி பழுதாகி நின்றால் ஓரத்தில் கிளை போடுவார்கள், பார்த்து ஒதுங்கிப் போக. மண் சரிந்து ரோடு போய்விட்டால் முழு ரோட்டையும் அடைத்துப் போடுவார்கள், வராதே, திரும்பிப் போ என்பதற்கு. போன வருசம் இதே ரோட்டில் மேடு சரிந்தபோது அப்படி அடைத்துப் போட்டவர்களில் சிவசாமியும் ஒருவர். தெரியாமல் செய்தவர் இல்லை. தெரிந்ததெல்லாம் அந்த ஒரு நேரத்துக்கு மறந்துபோயிற்று. லொறி நிற்க வேண்டும் என்பது ஒன்றுதான் மண்டைக்குள் இருந்தது. நாலு நாள் மழைக்குப் பிறகு, ரயிலுக்கு நேரமாகிற நேரத்தில், ரோடு முழுக்க முழங்கால் உயரத்துக்கு மிலாறு கிடந்தால் எந்த லொறிக்காரன் இறங்கி ஆராய்ச்சி பண்ணுவான்?

சிவசாமி ஓடினார். செருப்பு கழன்று போனது தெரியாமல் ஓடினார். முதல் வளைவு, இரண்டாம் வளைவு. மிலாறு போட்டபடியே கிடந்தது. அதற்கு அப்பால் ஈர மண்ணில் லொறி திரும்பிய தடம் மட்டும் புதிதாக இருந்தது. கொஞ்சம் கீழே தேயிலை ஸ்டோருக்குப் போகிற ரோடு பிரிகிறது. அது பள்ளத்தாக்கைச் சுற்றிக்கொண்டு எதிர் மலையில் ஏறிப் பெரிய ரோட்டில் சேரும். சுற்று வழிதான், ஆனால் வழி.

எதிர் மலையில் லொறி தெரிந்தது. இரைச்சல் கேட்கவில்லை, நடுவில் ஆறு. கூண்டில்லாத லொறி, மேலே பெட்டிகள், பெட்டிகளுக்கு மேலே ஆட்கள். சிவப்பும் மஞ்சளுமாகச் சேலைகள். எது மீனம்மா என்று தெரியவில்லை. கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். ஒவ்வொரு சேலையும் அவளாகவே தெரிந்தது.

“மீனம்மா” என்று அடித்தொண்டையில் கத்தினார். தோளில் இருந்த துண்டை எடுத்து இரண்டு கையாலும் வீசினார்.

லொறியில் இருந்தவர்கள் கையை வீசினார்கள். சிவசாமிக்கு ஒரு நொடி உயிர் வந்தது. பிறகுதான் சுற்றிலும் பார்த்தார். எதிர் மலையிலும் இந்த மலையிலும் கொழுந்தெடுக்கிற பெண்கள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு, நிரை நிரையாக நின்று, தலையில் போட்டிருந்த கம்பளியையும் சாக்குப் படங்கையும் கழற்றி லொறியைப் பார்த்து வீசிக்கொண்டிருந்தார்கள். அக்கரைக்குப் போகிற லொறி போனால் அப்படித்தான் செய்வார்கள், தெரிந்தவர்களோ தெரியாதவர்களோ. அந்த மலை நிறைய ஆடிய துணிகளில் அவருடைய துண்டும் ஒன்று. லொறியில் இருந்தவர்கள் எல்லோருக்குமாகச் சேர்த்துக் கையை வீசிக்கொண்டே வளைவில் மறைந்தார்கள்.

சிவசாமி மிலாற்றைக் காலாலும் கையாலும் இழுத்து ஓடையில் எறிந்தார். ஒரு குச்சி மிச்சமில்லாமல் எறிந்தார். உள்ளங்கை கிழிந்து இரத்தம் வந்தது. பிறகு ஏறி வந்தார். வீரம்மா அவர் கையில் வழிந்த இரத்தத்தைப் பார்த்தாள். திரும்பிப் போய் மேட்டில் உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

அதற்குப் பிறகு எல்லாம் அவர் கண் முன்னால் நடந்தது, அவர் கையில் எதுவும் இல்லை. லியனார்ட் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு ஓடிப் போய் ஒரு பைப்புத் துண்டு கொண்டுவந்து சாவியில் செருகினான். சாவியின் பிடி நீண்டதும் நட்டு கிறீச்சிட்டுக்கொண்டு நெகிழ்ந்தது. ஜாக்கியை வைத்துத் தூக்கினான். மழையில் ஊறிய மண், கார் எழும்புவதற்குப் பதிலாக ஜாக்கி கீழே போனது. இறக்கினான். மறுபடியும் மடுவத்துக்கு ஓடினான், பலகைக்கு. சிவசாமி சும்மா நிற்க முடியாமல் காருக்கடியில் கையை விட்டு மண்ணைத் தட்டி மட்டமாக்கப் போனார்.

“அடியில கை போடாதீங்கண்ணே.” அந்த ஒரு தரம்தான் லியனார்ட் சத்தம் போட்டான்.

பலகை வந்தது. கார் எழும்பியது. கழற்றிய வீலைக் காருக்கடியில் தள்ளி வைத்தான். ஜாக்கி நழுவினால் கார் அதன் மேல் உட்காரும், ஆள் பிழைப்பான். மாற்று வீலை மாட்டினான். நட்டுகளைக் கையால் திருகி, காரை இறக்கி, ஒன்றுக்கு எதிரே ஒன்றாக மாற்றி மாற்றி இறுக்கினான். ஒன்றையும் விடவில்லை, ஒன்றிலும் அவசரப்படவில்லை. எல்லாம் சரியாகத்தான் செய்தான். சிவசாமிக்குத்தான் அவன் கழுத்தைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. அவன்மேல் என்ன குற்றம்? அவன் ஓரத்தில் போடச் சொன்னான்.

முட்டுக் கல்லையெல்லாம் எடுத்து ரோட்டோரம் எறிந்துவிட்டு, மேல் பக்கத்துக் கிளைகளையும் போகிற போக்கில் இறங்கி எடுத்துப் போட்டுவிட்டுத்தான் கிளம்பினான். பெரிய ரோட்டில் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் மறுபடி நிறுத்தினான்.

“இப்ப என்ன?”

“நட்டு பாக்கணும்ணே. மாத்தினா கொஞ்ச தூரம் ஓட்டிட்டு ஒரு தரம் பாக்கணும். இதுவும் மொட்ட டயருதான்.”

ஒரு நட்டு நிசமாகவே கால் சுற்றுத் தளர்ந்திருந்தது. வீரம்மா கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நுவரெலியாவைத் தாண்டும்போது மூட்டம் இறங்கியது. லியனார்ட் லைட்டைப் போட்டுக்கொண்டு மெல்ல ஓட்டினான். மெல்லத்தான் ஓட்ட வேண்டும். அது சிவசாமிக்கும் தெரிந்திருந்தது. அதுதான் கொடுமை.

நானுஓயா ஸ்டேசனில் கீழ்த் தோட்டத்து லொறி காலியாக நின்றது. ரயில் போய்விட்டது. போன ரயிலுக்குப் பின்னால் கூடவே ஓடிப் போனவர்கள் பிளாட்பாரத்து நுனியில் இருந்து தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். கீழேயே உட்கார்ந்து நெஞ்சில் அடித்து அழுகிறவர்களை எழுப்பிக் கூட்டிப் போக ஆட்கள் நின்றார்கள். சிவசாமி தண்டவாளத்தைப் பார்த்தார். பார்க்க அதில் ஒன்றும் இல்லை.

வழியனுப்ப லொறியில் வந்திருந்த ராக்காயி அவர்களைப் பார்த்துவிட்டாள். லயத்தில் மீனம்மா வீட்டுக்கு அடுத்த வீட்டுக் காம்பிராவில் இருப்பவள். அழுது வீங்கிய முகத்தோடு ஓடி வந்து வீரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எப்படிக்கா வந்தீங்க? ரோடுதான் சரிஞ்சு கெடந்துச்சே.”

வீரம்மா ரயில் போன பக்கம் பார்த்தாள்.

“பாவி மக மீனம்மா, அங்கயே எறங்கிருச்சுக்கா. கெளை கெடந்த எடத்துல போய் நின்னுக்கிட்டு, எங்கப்பா அந்தப் பக்கம் நிப்பாரு, எனக்குத் தெரியும்னு சொல்லிச்சு. அப்பா, அப்பான்னு கூப்புட்டுப் பாத்துச்சு. தாண்டிப் போறேன்னு கால வச்சுச்சு. மாமியாக்காரிதான், மண்ணு வந்துகிட்டு இருக்கும், புள்ளயோட சாகப் போறியான்னு இழுத்துக்கிட்டு வந்தா.” ராக்காயி மூக்கைச் சிந்தினாள். சிவசாமியைப் பார்த்தாள். “ஒங்கமேல அதுக்குத் துளி கோவம் இல்லண்ணே. ரயில் எடுக்கிற வரைக்கும் எல்லாருகிட்டயும் அதையேதான் சொல்லிச்சு. ரோடு மட்டும் நல்லா இருந்திருந்தா எங்கப்பா வந்திருப்பாருன்னு.”

வீரம்மாவின் கையில் அந்தக் கம்பளித் தொப்பி இருந்தது. அதைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள். கணவரை ஏறிட்டுப் பார்த்தாள், காலையில் இருந்து முதல் முறையாக நேராக. லியனார்ட் காரின் பக்கம் திரும்பி, துடைக்கத் தேவையில்லாத கண்ணாடியைத் துடைத்தான்.

வெளியே லொறிக்காரன் ஹாரன் அடித்தான். திரும்பிப் போகிறவர்கள் ஏறத் தொடங்கினார்கள். ராக்காயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வந்த காரியம் ஞாபகம் வந்தவளாகக் கேட்டாள்.

“அண்ணே, ரோடு இப்ப எப்படி இருக்கு? லொறிக்காரன் கேட்டு வரச் சொன்னான். மேல் ரோட்டால போகலாமா, இல்ல வந்த மாதிரி சுத்திக்கிட்டுத்தான் போகணுமா?”

சிவசாமி தன் கிழிந்த உள்ளங்கையை வேட்டியில் துடைத்தார்.

“நேராவே போங்க” என்றார். “ரோட்டுல ஒண்ணும் இல்ல.”